வீங்கியிருக்கும்போது நேரில் வந்து காட்டவும்

'நீங்கள் வரவேண்டாம், எழுதினால் போதும்.' திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிமிர்ந்து பார்த்தவர்களுக்கெல்லாம் இந்த வாசகம் தெரிந்திருக்கும். எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஆள் உயர எழுத்தில் வைகறை அஞ்சல்வழிக் கல்வி நிலையம் எழுதிவைத்திருந்தது. பட்டாளத்தில் இருப்பவர், கைக்குழந்தைக்காரி, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர், யாராக இருந்தாலும் வீட்டைவிட்டு நகராமல் பட்டயம் வாங்கலாம். அந்தப் பலகையைப் பத்து வருஷம் அண்ணாந்து பார்த்த எவருக்கும் வராத சந்தேகம் எனக்கு வந்து தொலைத்தது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்டுவிட்டேன்.

என் பெயர் இன்னாசியம்மாள். அந்த நிலையத்தில் ஊக்கக் கடிதம் எழுதுவது என் வேலை. அப்படியும் ஒரு வேலை உண்டா என்று கேட்காதீர்கள், உண்டு. மாணவர்கள் பயிற்சித்தாளைத் தபாலில் அனுப்புவார்கள். மதிப்பெண் போடுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அந்தத் தாளைப் படித்துவிட்டு அவரவர் கஷ்டத்துக்குத் தக்கபடி ஒரு பக்கம் ஆறுதலாக எழுதுவது நான். டைப் அடிக்கக் கூடாது. கையெழுத்தில்தான் பாசம் தெரியும் என்பது இயக்குநர் பொம்மையன் அவர்களின் கண்டுபிடிப்பு. எல்லாக் கடிதத்தையும் ஒரே மாதிரி முடிக்கவேண்டும் என்பதும் அவர் உத்தரவு: 'தயங்காமல் எழுதுங்கள். உங்கள் கடிதத்துக்காக இங்கே ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறேன்.'

உத்தரவு என்றாலும் அது பொய்யில்லை. அம்மா போனபிறகு மேட்டுப்பட்டி வீட்டில் நான் ஒருத்திதான். தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குக் கார்டு போடுவான், அதிலும் பெயரை அச்சடித்துவிடுவான். மற்றபடி எனக்கு யாரும் எழுதுவதில்லை. ஆயக்குடியிலிருந்து ஒரு பெண், 'இந்த வருஷம் கொய்யா நல்ல காய்ப்பு மேடம், ஆனால் பாடம்தான் ஏறமாட்டேங்குது' என்று தாளின் ஓரத்தில் எழுதியிருந்தால் அதை இரண்டுதரம் படிப்பேன்.

நாற்பதாவது வயதில் முடக்குவாதம் வந்தது. தீராது, சமாளிக்கலாம் என்று மதுரை டாக்டர் சொன்னார். இதற்கென்று ஒரு நேரங்காலம் உண்டு. காலையில் கண்விழித்தால் விரல்கள் கொழுக்கட்டைபோல வீங்கி மரத்துக் கிடக்கும். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கித்தான் குடிக்கமுடியும். தீக்குச்சி கிழிக்க முடியாது, சேலைக் கொசுவம் பிடிக்க முடியாது. நல்ல நாள் என்றால் நாலு மணிக்கே எழுந்து கையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து ஒன்பதரைக்கு ஆபீஸ் படியேறிவிடுவேன். கெட்ட நாளில் பதினோரு மணி ஆகும். அதற்குமேல் ராத்திரி வரைக்கும் கை என் பேச்சைக் கேட்கும். இருபது கடிதம் எழுதச் சொன்னால் இருபத்திரண்டு எழுதுவேன்.

ஆனால் வருகைப் பதிவேட்டில் ஒன்பதே முக்காலுக்குச் சிவப்புக் கோடு விழுந்துவிடும். அதைப் போடுவதற்கென்றே பதிவாளர் ஆனந்த்ராஜ் ஒரு தனிப் பேனா வைத்திருந்தார். ஒரு வருஷத்தில் முப்பது கோடு விழுந்தால் ஊழியர் தாமாகவே வேலையை விட்டு விலகியதாகக் கொள்ளப்படும். 2003 ஜூலைக்குள் எனக்குப் பதினான்கு கோடு விழுந்திருந்தது. வேலை போனால் சோற்றுக்கு ஏதாவது வழி பண்ணிக்கொள்ளலாம். எனக்கு எழுதுகிற நானூறு பேர் போய்விடுவார்கள், அதற்கு வழியில்லை.

ஆகவே விண்ணப்பம் எழுதினேன். கெட்ட நாட்களில் தாள்களை வீட்டுக்கு அனுப்பினால் நானே எழுதி மறுநாள் கொடுத்துவிடுகிறேன், நிலையத்தின் வாசகமும் அதுதானே என்று பணிவாகக் கேட்டிருந்தேன். பதிவாளர் அதை மூன்றுதரம் படித்தார். பிறகு பாடம் நடத்துகிற குரலில் ஆரம்பித்தார்.

"இங்க பாருங்கம்மா. நம்ம நிலையம் தூரத்துல இருக்கிறவங்களுக்காக ஆரம்பிச்சது. நீங்க மேட்டுப்பட்டி. ரெண்டரை கிலோமீட்டர். தூரம்னா அதுக்கு ஒரு மரியாத வேணாமா?"

"அப்ப பழனிப் பக்கம் குடிபோயிரட்டுமா சார்?"

"போனீங்கன்னா ஊழியர் உள்ளூர்ல குடியிருக்கணும்ங்கிற விதிய மீறினதா ஆயிரும்." பிறகு மனம்விட்டுப் பேசினார். "நீங்க எழுத மாட்டீங்கன்னு நான் சொல்லல. நீங்க எழுதுறத நான் பாக்கணும். நீங்க வீட்டுல இருந்தே ஒழுங்கா எழுதிட்டீங்கன்னா, அப்புறம் நான் எதுக்கு இங்க இருக்கேன்?"

கும்பிடு போட்டுவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

பத்து நாள் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் குறிப்பு இருந்தது: 'நோய் பார்வைக்குத் தென்படவில்லை. வீங்கியிருக்கும்போது நேரில் வந்து காட்டவும்.' நான் இணைத்திருந்த டாக்டர் சீட்டு, ரத்தப் பரிசோதனைக் காகிதம் எதையும் அவர்கள் தொடக்கூட இல்லை. காகிதத்தில் இருப்பது நோயைப் பற்றிய செய்தி, நோய் அல்ல என்று விளக்கம் வேறு.

கை வீங்கியிருந்தால் என்னால் வரமுடியாது. நான் வந்து சேர்கிறபோது வீக்கம் இருக்காது. ஆபீஸ் எல்லைக்குள் எனக்கு நோயே கிடையாது, சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு ராசியான கட்டடம். ஆனாலும் விடக்கூடாது என்று ஒரு நாள் காரியம் பண்ணினேன். முந்தின ராத்திரியே சேலையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். கதவைத் தாழ்போடாமல் சும்மா சாத்திவைத்தேன். ஆட்டோக்காரர் மைதீன் பிச்சையிடம் சொல்லிவைத்திருந்தேன், அவர் ஒன்பது மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, தன் தாயைத் தூக்குவதுபோல என்னைத் தூக்கி உட்காரவைத்து, நாற்பத்தாறு படியும் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார். ஒன்பது நாற்பதுக்குப் பதிவாளர் மேசைமேல் இரண்டு கையையும் வைத்தேன். நல்ல வீக்கம். மோதிர விரல் எது, நடுவிரல் எது என்று தெரியவில்லை.

அவர் கையைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, வர முடியுதே! மனசு வச்சா வந்துரலாம்மா. அம்புட்டுத்தான்."

அதோடு விடவில்லை. விண்ணப்பத்தை முறைப்படி முடித்துவைப்பதற்காக இல்ல ஆய்வுக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். ஐந்து பேர், தலைவர் அவரேதான். என் வீடு வேலை செய்வதற்குத் தகுந்ததா என்று பார்த்து அறிக்கை தரவேண்டும். மேசை எத்தனை அடி, காற்றோட்டம் உண்டா, இயக்குநர் படம் மாட்டச் சுவரில் இடம் இருக்கிறதா என்றெல்லாம் இருபத்திரண்டு கேள்வி தயாரித்திருந்தார்களாம். ஊழியரின் உண்மை நிலையைத் தெரிந்துகொள்ள முன்னறிவிப்பில்லாமல் போகவேண்டும் என்பது விதி. அப்படியே ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துவிட்டார்கள்.

தனியாய் இருக்கிற பொம்பளை, கதவை மேலும் கீழும் தாழ்போட்டுத்தான் படுப்பேன். தட்டுகிற சத்தம் கேட்டு எப்படியோ உருண்டு எழுந்து கதவுவரை வந்துவிட்டேன். கீழ்த் தாழ்ப்பாளைக் குதிகாலால் தள்ளிவிட்டேன். மேல் தாழ்ப்பாள் அசையவில்லை. விரலால் முடியவில்லை, மணிக்கட்டால் முட்டினேன், முழங்கையால் முட்டினேன், கடைசியில் தோசைத் திருப்பியை இரண்டு உள்ளங்கையிலும் இடுக்கி நெம்பினேன். வெளியே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"உள்ளதான் சார் இருக்கேன். தாழ்ப்பா திறக்க வரமாட்டேங்குது. செத்த நேரம் இருங்க."

அவர்கள் தங்களுக்குள் ஏதோ கலந்துபேசுவது கேட்டது. ஒருவர் இருமினார். பிறகு செருப்புச் சத்தம் தேய்ந்துபோயிற்று. தாழ்ப்பாள் விழும்போது மணி எட்டே முக்கால். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. வாசற்படியில் 'குழு வந்து சென்றது' என்று ஒரு சீட்டு, அதன்மேல் பறக்காமலிருக்க ஒரு கல்.

குழு கொடுத்த அறிக்கையின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'குழு காலை 8.05 முதல் 8.14 வரை மேற்படி இல்லத்தின்முன் காத்திருந்தது. ஊழியர் நேரில் காணப்படவில்லை. உள்ளிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது. குரலை வருகையாகக் கொள்ள விதியில் இடமில்லை. தம் வீட்டில் இருந்துகொண்டே தம் வீட்டுக் கதவுக்கு வரமுடியாத ஒருவர், வீட்டிலிருந்து பணியாற்றுவார் என நம்புவதற்கில்லை.' ஐந்து கையெழுத்து, ஒரு சீல்.

அன்றைக்கு நான் அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. விண்ணப்பம் போனதற்காக அல்ல. அம்மா இறந்த வீட்டில் எட்டு வருஷத்துக்குப் பிறகு ஐந்து பேர் சேர்ந்து என் கதவைத் தட்டினார்கள், என்னால் திறக்க முடியவில்லை. கண்ணைத் துடைப்பதற்கும் விரல் வளையாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் தபால் பிரிவு பாஸ்கல் ஒரு யோசனை சொன்னான். நிலையத்துக்கு வருகிற, போகிற எல்லாக் கடிதமும் அவன் கைவழியாகப் போகும். ஆபீஸில் என்னை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவன்.

"அக்கா, நோயாளி மாணவர் சலுகைன்னு ஒண்ணு இருக்குல்ல. அதுக்கு டாக்டர் சீட்டத் தபால்ல அனுப்புனாப் போதும். யாரும் நேர்ல பாக்க மாட்டாக. நீங்க மாணவரா சேருங்க. உங்களுக்கு நோய் இருக்குன்னு நிலையமே சீல் வச்சுக் குடுத்துரும். அதக் கொண்டுபோயி அந்த ஆளு மூஞ்சில நீட்டுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவன் சொன்னது சரியாகத்தான் பட்டது. அலுவலக மேலாண்மைப் பட்டயத்துக்கு விண்ணப்பம் வாங்கி, பெயரெழுதி, டாக்டர் சீட்டை இணைத்துத் தபாலில் போட்டேன். நாலே நாள். மாணவர் எண் 4417 என்று அட்டை வந்தது, கூடவே ஒரு கடிதம். 'தங்கள் முடக்குவாதம் குறித்து அறிந்து பெரிதும் வருந்துகிறோம். தங்கள் நோயை நிலையம் முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. எக்காரணம் கொண்டும் நேரில் வந்து சிரமப்பட வேண்டாம்.' கீழே ஆனந்த்ராஜ், பதிவாளர்.

மறுநாள் படியேறிப்போய் அதை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார். ரொம்பவும் நன்றாக எழுதப்பட்ட கடிதம் என்றுகூடச் சொன்னார்.

"ஆனா இது மாணவருக்குக் குடுத்தது. மாணவருக்கு இருக்கிற நோய் ஊழியருக்கும் இருக்கும்னு நான் எப்படிம்மா சொல்றது? அந்த ஃபைல் வேற, இந்த ஃபைல் வேற. ரெண்டையும் கலந்தா நாளைக்கி ஆடிட்டுல கேள்வி வரும்."

"ரெண்டு ஃபைல்லயும் இருக்கிறது ஒரே ஆளு சார்."

"ஆளப் பாத்து முடிவெடுத்தா அது பாரபட்சம்மா" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் கழுத்தறுப்பு.

மாணவராகச் சேர்ந்தால் முதல் பயிற்சித்தாள் எழுதியாகவேண்டும். எந்தப் பட்டயமானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: 'நான் ஏன் வீட்டிலிருந்து படிக்கிறேன்?' கட்டணம் கட்டியாயிற்றே என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் கேட்டிருந்தார்கள், ஐந்து பக்கம் போய்விட்டது. டம்ளரை இடுக்கிக் குடிப்பதை எழுதினேன். ராத்திரியே சேலை கட்டிப் படுத்ததை எழுதினேன். தாழ்ப்பாளை எழுதினேன். யார் தட்டினார்கள் என்று மட்டும் எழுதவில்லை.

அடுத்த வாரம் அந்தத் தாள் மதிப்பெண்ணோடு என் மேசைக்கு வந்தது. வேறு எங்கே போகும்? ஊக்கக் கடிதம் எழுதுகிற ஆள் நான் ஒருத்திதானே. நூற்றுக்கு எழுபத்தெட்டு. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். தைரியமாக இருங்கள் என்று ஆயிரம் பேருக்கு எழுதியவள், அந்தப் பெண்ணுக்கு அதை எழுதக் கூசியது. கடைசியில் ஒரே ஒரு வரிதான் எழுத வந்தது. 'உங்கள் தாளைப் படித்தேன். நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.' அதற்குக் கீழே வழக்கமான முடிவு, உங்கள் கடிதத்துக்காக இங்கே ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் தபால்காரர் அதைக் காலையிலேயே கொண்டுவந்து ஜன்னல் வழியாக உள்ளே போட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே. ஆனாலும் பிரித்துப் படிக்காமல் கிளம்ப மனம் வரவில்லை. உறையைக் கிழிக்க விரல் இளகவேண்டும். மடியில் வைத்துக்கொண்டு பதினோரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். படித்தபோது வேறு யாரோ எழுதியது போலத்தான் இருந்தது. அன்றைக்கு விழுந்தது இருபத்தொன்பதாவது கோடு.

நிலையத்தின் ஆண்டுவிழா அந்த மாதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. கெட்ட நாள். முட்டி மோதிப் பத்தே காலுக்குக் கட்டடத்துக்கு வந்துவிட்டேன், ஆனால் இரண்டாவது மாடித் திருப்பத்துக்குமேல் கால் வரவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே மைக்கில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். இந்த ஆண்டின் சிறந்த மாணவர் ஒரு நோயாளிப் பெண் என்றார். அவர் எழுதியதைப் படிக்கிறேன், கல் நெஞ்சக்காரர்கள்கூட இளகிவிடுவீர்கள் என்றார்.

என் டம்ளர் ஒலிபெருக்கியில் வந்தது. என் சேலை வந்தது. தாழ்ப்பாளுக்கு வரும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "அந்தக் கதவுக்கு வெளியில நின்னவங்க கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? நம்ம சமுதாயத்துக்கு மனசாட்சியே இல்லாமப் போச்சே" என்று மேடையைத் தட்டிக் கேட்டார். பலத்த கைதட்டல். குழுவில் வந்த ஐந்து பேரும் முன்வரிசையில் இருந்து தட்டினார்களாம், பாஸ்கல் பிற்பாடு சொன்னான்.

ஒவ்வொரு படியாக ஏறி நான் உள்ளே நுழைந்தபோது பரிசு அறிவித்துக்கொண்டிருந்தார்கள். மாணவர் 4417 நேரில் வர இயலாத நிலையில் இருப்பதால் சான்றிதழ் பதிவுத் தபாலில் அனுப்பப்படும் என்றார் பதிவாளர். நான் கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். பிறகு கீழே குனிந்து, மேசையில் இருந்த பதிவேட்டைத் திறந்து, தனிப் பேனாவை எடுத்தார்.

முப்பது.

சான்றிதழ் வியாழக்கிழமை வீடுதேடி வந்தது, அட்டை வைத்து மடங்காமல் அனுப்பியிருந்தார்கள். அதே தபாலில் இன்னொரு காகிதமும் வந்தது. தாங்களாகவே பணியிலிருந்து விலகியமைக்கான ஆணை தயாராக உள்ளது, காலை ஒன்பதே முக்காலுக்குள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும். நான் போகவில்லை. இன்றுவரை அது அங்கேதான் கிடக்கிறது.

ஒரு மாதம் சும்மா கிடந்தேன். காலையில் கை இளகியபிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. பதினோரு மணிக்குமேல் ஒரு பகல் இவ்வளவு நீளம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பேசி இரண்டு நாள் ஆகிவிட்டதே என்று ஒரு தடவை சத்தம் போட்டு ஒன்று, இரண்டு எண்ணிப் பார்த்தேன், குரல் இருக்கிறதா என்று.

அப்புறம் ஒரு பெரிய உறை வந்தது. 'அன்புள்ள 4417, நமது நிலையத்தில் ஊக்கக் கடிதம் எழுதிவந்த ஊழியர் எதிர்பாராத வகையில் தாமாகவே விலகிவிட்டார். தங்கள் எழுத்தில் உள்ள உருக்கத்தைக் கண்டு, அந்தப் பணியைத் தங்களிடம் கௌரவப் பொறுப்பாக ஒப்படைக்க இயக்குநர் விரும்புகிறார். இதற்கு ஊதியம் இல்லை. தாங்கள் நேரில் வரவேண்டியதில்லை. தாள்கள் தபாலில் வரும். வீட்டிலிருந்தபடியே, உடல் இடங்கொடுக்கும் நேரத்தில் எழுதி அனுப்பலாம்.' கையெழுத்து ஆனந்த்ராஜ். அதோடு நாற்பது தாள்கள் இருந்தன. மேலே இருந்தது ஆயக்குடிப் பெண்ணுடையது. தாளின் ஓரத்தில் கேட்டிருந்தாள், மேடம், ஏன் இப்போதெல்லாம் பதில் போடமாட்டேன் என்கிறீர்கள், நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா என்று.

அந்தக் கடிதத்தின் ஓரத்திலேயே, மைதீன் பிச்சையிடம் பச்சை மை வாங்கிவரச் சொல்லி, பதில் எழுதினேன். 'கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. தேவை பார்வைக்குத் தென்படவில்லை. காலை எட்டு மணிக்கு இல்லத்துக்கு நேரில் வந்து காட்டவும். ஒன்பது நிமிடத்துக்குமேல் காத்திருக்கவும்.' கீழே 4417 என்று கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்துப் பெட்டியில் போடச் சொன்னேன். அனுப்பியபிறகு ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

அந்த நாற்பது பேருக்கும் பதில் எழுதிவிட்டேன், என் செலவில். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? வழக்கமான கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

பதிவாளர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விடிந்ததும் காது வாசலுக்குப் போய்விடுகிறது. எட்டு மணிக்குச் செருப்புச் சத்தம் கேட்டால் படுத்தபடியே மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அது யார் வீட்டுக்கோ போய்விடுகிறது. அந்த ஐந்து பேரே திரும்பி வந்தாலும் வரட்டும், இருபத்திரண்டு கேள்வியும் கேட்கட்டும், எனக்கு ஒன்றும் கோபமில்லை. அவர்கள் தள்ளினால் போதும். இப்போதெல்லாம் நான் கதவைத் தாழ்போடுவதில்லை.